இடிக்குமுன் ஒரு கணக்கு

விவிலியத்தில் செங்கல் சூளை முதன்முதலாகப் புகைவது எங்கே? எகிப்தில் என்றே பலரும் விடை சொல்வர். அதற்கு வெகுமுன்னரே, தொடக்கநூலின் 11ஆம் அதிகாரத்தில், சினயார் சமவெளியில் அது புகைந்துவிட்டது. அங்கே கூடியவர்கள் கல்லுக்குப் பதிலாகச் செங்கல் சுட்டார்கள். சாந்துக்குப் பதிலாகக் கீல் கொண்டார்கள். மழைக்கு ஒதுங்க இடமின்றித் தவித்தவர்கள் அல்லர் அவர்கள். தங்கள் பெயர் உலகில் நிலைக்க வேண்டும் என்பதே அவர்களது வேட்கை. பாபேலின் வரலாற்றில் மொழி குழம்பியதை மட்டும் நாம் நினைவில் கொண்டோம். அந்தச் சூளைகளில் எரிந்ததை எவரும் எண்ணவில்லை.

எண்ணியே ஆகவேண்டிய காலத்தில் நாம் வாழ்கிறோம். உறுதியாக நிற்கும் ஒரு கட்டிடத்தை இடித்துத் தள்ளி, அதே இடத்தில் அதனினும் பெரியதைக் கான்கிரீட்டில் எழுப்பி, உச்சியில் நான்கு சூரிய மின்தகடுகளைப் பொருத்தி, வாயிலில் இரண்டு மரக்கன்றுகளை நட்டு, "நாங்கள் இயற்கையைப் பேணுகிறோம்" என்று அறிவிப்பது இன்று நாகரிகமாகிவிட்டது. இல்லங்களிலும் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஆலயங்களிலும் இதுவே நடக்கிறது. இது ஒரு பொய்க்கணக்கு. இப்பொய்க்கணக்கை உடைப்பதற்காகவே இக்கட்டுரை.

கதவு திறக்குமுன் எழும் புகை

ஒரு கட்டிடம் இருவகையில் வானத்தை மாசுபடுத்துகிறது. முதலாவது, அதில் மனிதர் புழங்கும்போது செலவாகும் மின்சாரம். விளக்கு, விசிறி, குளிர்சாதனம், ஒலிபெருக்கி ஆகியவற்றின் கணக்கு மின்கட்டண அட்டையில் மாதந்தோறும் நம் கண்ணில் படுகிறது. இரண்டாவது, அக்கட்டிடம் உருவாவதற்கும் பழுது நீங்குவதற்கும் இறுதியில் இடிபட்டு அகற்றப்படுவதற்கும் எரிந்த எரிபொருளின் கணக்கு. சுரங்கத்தில் பாறை வெட்டியது, சூளையில் சுட்டது, உலையில் இரும்பு உருக்கியது, லாரியில் ஏற்றியது, சாரம் கட்டித் தளம் போட்டது, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து இயந்திரத்தால் நொறுக்கிக் குப்பையாக அள்ளிச் சென்றது என அனைத்தும் இதில் அடங்கும். அறிவியலார் இதனைக் கட்டிடத்தின் உள்ளுறை கரி என்கின்றனர். இக்கணக்குக்கு மின்அட்டை இல்லை. ஆகவே நாம் அதைக் காண்பதில்லை.

இதன் பெரும்பகுதி சிமெண்டிலிருந்து வருகிறது. சிமெண்ட் ஆலையின் புகை நிலக்கரியால் மட்டும் உண்டாவது என்று நினைப்போர் பலர். உண்மை அதனினும் கசப்பானது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே கரியமில வாயு சிறைப்பட்டிருக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாக வானேறிவிடும். எந்த எரிபொருளைக் கொண்டு சுட்டாலும் இந்த 44 கிலோ தப்பாது. இதற்கும் மேலாக, சிமெண்டின் கருப்பொருளான கிளிங்கரை உருவாக்கச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதற்கான நிலக்கரியின் புகை தனி. இரண்டும் சேர்ந்து, கலப்பில்லாத சாதாரண சிமெண்ட் ஒரு டன்னுக்கு 800 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. இரும்பு இதனினும் கொடிது. தாதுவிலிருந்து உருக்கப்படும் எஃகு ஒரு டன்னுக்கு ஏறக்குறைய இரண்டு டன்.

உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து மட்டுமே வருகிறது. சிமெண்ட் உற்பத்தியில் உலகில் முதலிடம் சீனாவுக்கு. இரண்டாம் இடம் நமக்கு. அந்த இரண்டாம் இடத்தில் நம் பங்குத் திருமண மண்டபத்துக்கும் பங்கு உண்டு.

அரியலூர் முதல் வெள்ளிமலை வரை

இது எங்கோ நிகழும் செய்தி என்று கள்ளக்குறிச்சி வட்டாரத்து வாசகர் ஒதுக்கிவிட முடியாது. கடலூர், பெரம்பலூர் எல்லைகளைக் கடந்தால் அரியலூர். பழங்காலக் கடலின் உயிரினங்கள் படிந்து உறைந்த சுண்ணாம்புப் படுகை அது. அதற்கப்பால் டால்மியாபுரத்தில் 1939ஆம் ஆண்டிலிருந்தே சிமெண்ட் ஆலை இயங்குகிறது. அரியலூரில் தமிழக அரசின் ஆலையும் தனியார் ஆலைகளும் பின்னர் எழுந்தன. அங்கே பள்ளமாகும் பூமியே இங்கே மாடியாக உயர்கிறது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் லாரியில் வந்து கள்ளக்குறிச்சியில் இறங்கும் மூட்டை, கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதையில் மறுபடியும் ஏறி, கல்வராயன்மலையின் வெள்ளிமலைக்கும் அதற்கப்பாலுள்ள சிற்றூர்களுக்கும் செல்கிறது. ஒவ்வொரு வளைவிலும் டீசல் எரிகிறது.

2019ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்துக்குப் புதிய கட்டிடங்கள் தேவைப்பட்டன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. ஆட்சியர் அலுவலகத்துக்கு வீரசோழபுரத்தில் இடம் தேர்ந்தனர். மருத்துவமனை வேண்டாம் என்று அறிவுடையோர் எவரும் சொல்லார். ஆனால் மாவட்டம் வளர்கிறது என்ற உற்சாகம் தொற்றுநோய்போல் பரவுகிறது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பாருங்கள். ஓட்டு வீடுகளும் மெத்தை வீடுகளும் இடிபட்ட இடங்களில் கண்ணாடி முகப்பு வைத்த கடைக்கட்டிடங்கள். இருபது வயதுகூட நிறையாத வீட்டை, வாஸ்து சரியில்லை என்று இடிப்பவர் உண்டு. அண்டை வீட்டார் மூன்றடுக்கு கட்டிவிட்டார் என்பதற்காக இடிப்பவரும் உண்டு.

பசுமை என்னும் பூச்சு

பொய்க்கணக்குக்குச் சான்று வேண்டுமா? 2011ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைகளுக்கான பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.1.80 லட்சம். ஏழைக்கு வீடு கொடுத்த அத்திட்டத்தை நான் போற்றுகிறேன். என் வழக்கு அதன் பெயரோடு மட்டுமே. அது எதனால் பசுமை ஆயிற்று? கூரைமேல் சூரியத் தகடும் உள்ளே ஐந்து சிறு விளக்குகளும் வைத்ததால்.

கொத்தனார்களின் கைக்கணக்கைக் கொண்டே பார்ப்போம். 300 சதுர அடிக்கு நான்கு அங்குலக் கனத்தில் தளம் போட 100 கன அடி கான்கிரீட் வேண்டும். அதற்குச் சுமார் 22 மூட்டை சிமெண்ட். அதாவது 1,100 கிலோ. கம்பி சுமார் 200 கிலோ. சிமெண்டுக்கு டன்னுக்கு 800 கிலோ, கம்பிக்கு டன்னுக்கு இரண்டு டன் என்று வைத்தால், தளத்தின் உள்ளுறை கரி மட்டும் ஏறத்தாழ 1,280 கிலோ. ஐந்து விளக்குகளும் தலா 10 வாட், நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிகின்றன என்று தாராளமாகவே கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 91 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆக, சூரிய விளக்குகளால் ஆண்டுக்கு மிச்சமாவது 64 கிலோ. தளம் ஒன்றின் கடனை அடைக்கவே இருபது ஆண்டுகள் வேண்டும். சுவரையும் அஸ்திவாரத்தையும் இக்கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. விளக்கும் மின்கலமும் இருபது ஆண்டுகள் உழைக்குமா என்றும் கேட்கவில்லை.

தவறு ஓர் அரசினுடையது அன்று, ஒரு காலத்தினுடையது. குளிர் மிகுந்த மேலைநாடுகளில் வீட்டைச் சூடாக்கவே எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. எனவே ஓடும் கட்டிடத்தின் மின்சாரத்தைக் குறைப்பதே பசுமை என்று அங்கே வரையறுத்தார்கள். அந்த வரையறையை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். அவர்களோ இப்போது அடுத்த படிக்குச் சென்றுவிட்டார்கள். பிரான்சு 2022ஆம் ஆண்டிலும் டென்மார்க் 2023ஆம் ஆண்டிலும் புதிய கட்டிடங்களின் வாழ்நாள் முழுமைக்குமான கரிக்கு, உள்ளுறை கரியையும் சேர்த்து, சட்டத்தால் வரம்பு விதித்தன. நாம் இன்னமும் கூரைமேல் தகடு வைத்ததைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆலயத்தின் கணக்கு

இனி நம் வாயிற்படிக்கு வருவோம். ஓர் ஆலயம் வாரத்தில் எத்தனை மணி நேரம் புழங்குகிறது? ஞாயிறு இரண்டு திருப்பலிகள், வார நாள்களில் காலையோ மாலையோ ஒன்று, திருமணம், அடக்கம், நவநாள். குளிர்சாதனம் இல்லாத கிராமத்து ஆலயத்தின் மின்செலவு ஒரு நடுத்தர வீட்டின் செலவைப் பெரிதும் விஞ்சாது. ஆகவே ஆலயத்தின் வாழ்நாள் புகையில் பெரும்பகுதி, அதன் அர்ச்சிப்பு நாளுக்கு முன்பே எழுந்து முடிந்துவிடுகிறது.

4,000 சதுர அடியில் ஒரு புதிய ஆலயம் என்று கொள்வோம். மேஸ்திரிகள் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டும் நான்கு கிலோ கம்பியும் என்று கணக்கிடுவர். உயர்ந்த கூரையும் கோபுரமும் கொண்ட ஆலயத்துக்கு இது குறைவான மதிப்பீடே. 1,600 மூட்டை, 80 டன் சிமெண்ட். அதற்கு 64 டன் கரியமில வாயு. கம்பி 16 டன். அதற்கு 32 டன். செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், கிரானைட், வண்ணம், போக்குவரத்து இவற்றையெல்லாம் விட்டுவிட்டாலும் 96 டன். அந்த ஆலயம் மாதம் 300 யூனிட் மின்சாரம் செலவிட்டால் ஆண்டுக்கு இரண்டரை டன். மின்சாரம் முழுவதையும் சூரியனிடமிருந்தே பெற்றாலும் கட்டிய கடன் அடைய 38 ஆண்டுகள். நம் பங்குகளிலோ நாற்பது ஆண்டு நிரம்பிய ஆலயத்தை "பழையது" என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறோம்! கடன் தீரும் நாளில் அடுத்த கடனுக்கு அடிக்கல் நாட்டுகிறோம்.

வீரமாமுனிவர் கோணான்குப்பத்திலும் ஏலாக்குறிச்சியிலும் பெரியநாயகி அன்னைக்கும் அடைக்கல அன்னைக்கும் ஆலயம் எழுப்பிய 18ஆம் நூற்றாண்டில், போர்ட்லண்டு சிமெண்ட் என்னும் பொருளே உலகில் இல்லை. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் அதற்குக் காப்புரிமை பெற்றது 1824ஆம் ஆண்டில். 1791ஆம் ஆண்டு நிறைவுற்ற புதுவை சம்பா கோவில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. சுண்ணாம்பும் செங்கல்லும் அதனைத் தாங்குகின்றன. அக்காலக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள். கல்வராயன்மலையில் விளையும் அதே கடுக்காய்தான். சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது, சூளையில் கல் இழந்த கரியமில வாயுவின் ஒரு பகுதியைக் காற்றிலிருந்தே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கான்கிரீட்டும் காலப்போக்கில் சிறிது பெறுவதுண்டு. ஆனால் அந்த மாற்றம் உள்ளே சென்று கம்பியைத் தொடும்போது துரு பிடிக்கிறது. மேற்பூச்சு வெடித்து விழுகிறது.

எதிர்வாதங்கள்

இவ்வாறு எழுதினால் நான்கு எதிர்ப்புகள் எழும் என்பதை அறிவேன்.

"மலைவாழ் மக்களுக்குக் கான்கிரீட் வீடு கூடாது என்கிறீரா?" என்பது முதற்கேள்வி. இல்லை. கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடியினர் மண்ணாலும் மூங்கிலாலும் புல்லாலும் தலைமுறை தலைமுறையாக வீடு அமைத்து வாழ்ந்தவர்கள். அவ்வீட்டின் உள்ளுறை கரி ஏறக்குறைய ஒன்றுமில்லை. புல்லும் மூங்கிலும் காற்றிலிருந்து உண்ட கரியே அது. பழுதுற்றால் மண்ணுக்கே திரும்பும். ஆனால் கூரை மாற்றும் துன்பத்தையும், ஒழுகும் இரவையும், தீ அச்சத்தையும் அனுபவித்தவர் அவர், நாம் அல்லர். 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்டி, குடிசையில்லா மாநிலத்தை உருவாக்க முனைகிறது. ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம், பரப்பு 360 சதுர அடி. அதில் ஒரு மலைக்குடும்பம் அச்சமின்றி உறங்குமானால் அந்த 22 மூட்டை சிமெண்ட் நியாயமான செலவு. 4,000 சதுர அடியில் மாளிகை எழுப்பிவிட்டு, 360 சதுர அடிக்காரரைப் பார்த்து "மண்வீடே இயற்கைக்கு உகந்தது" என்று உபதேசிப்பவன் பரிசேயன். வானத்தில் இன்னும் மிச்சமிருக்கும் சிறிது இடம், கூரையே இல்லாதவருக்கு முதலில் உரியது. அதை நாம் இரண்டாவது, மூன்றாவது முறையாக இடித்துக் கட்டிச் செலவழிப்பதைத்தான் குற்றம் என்கிறேன்.

"எங்கள் ஒரு கட்டிடத்தால் உலகம் அழிந்துவிடுமா?" என்பது இரண்டாவது. எல்லாப் பாவமும் இவ்வாறே தன்னைச் சிறியதென்று சொல்லிக்கொண்டு நுழைகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் நம் மாவட்டமும் விழுப்புரமும் திருவண்ணாமலையும் என்ன ஆயின? திருக்கோவிலூர்ப் பகுதியில் தென்பெண்ணை கரைபுரண்டது. திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் ஏறத்தாழ ரூ.16 கோடியில் கட்டி அவ்வாண்டு செப்டம்பரில் திறந்த புதிய பாலத்தை, மூன்றே மாதத்தில் ஆறு அடித்துச் சென்றது. ஒரு புயலுக்கு ஒரே காரணம் கற்பிப்பது அறிவியல் ஆகாது. ஆயினும் சூடேறிய கடலும் காற்றும் மிகுந்த நீரைச் சுமந்து பெருமழையாய்க் கொட்டும் என்பதில் அறிவியலாருக்கு ஐயமில்லை. சிறிது சிறிதாக நாம் ஏற்றிய புகை, வெள்ளமாக வந்து நம் கான்கிரீட்டையே கேட்கிறது.

"பழைய கட்டிடம் பாதுகாப்பற்றது" என்பது மூன்றாவது. சில வேளைகளில் உண்மை. அப்போது இடிக்கத்தான் வேண்டும். உயிரினும் பெரிய கணக்கு இல்லை. ஆனால் பழமை வேறு, பழுது வேறு. ஏறத்தாழ 140 ஆண்டுகள் நின்ற புதுவை நகர்மன்றக் கட்டிடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. வயது அதனைக் கொல்லவில்லை; பராமரிப்பின்மை கொன்றது. அதே 2014ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அருகே நின்ற அதன் இரட்டைக் கட்டிடம் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. புதியது என்பதால் எதுவும் பாதுகாப்பாகிவிடாது. கூரையில் முளைத்த ஆலங்கன்றை அன்றே பிடுங்கினால் பத்து ரூபாய் வேலை. பத்தாண்டு விட்டுவைத்தால் அதுவே இடிப்பதற்கான காரணமாக வளர்ந்து நிற்கும்.

"கடவுளுக்குச் சிறந்ததைக் கொடுக்க வேண்டாமா?" என்பது நான்காவது. நம் மக்களின் தாராளத்தை நான் அறிவேன். அதை இகழ்வது பாவம். கூலிவேலை செய்யும் தாய் முடிந்துவைத்த நூறு ரூபாயும் கட்டிட நிதிக்கு வருகிறது. அந்தக் காணிக்கையின் புனிதத்தை மதிப்பதால்தான் கேட்கிறேன். நிற்கும் சுவரை நொறுக்கிக் குளத்தங்கரையில் கொட்டவா அவள் அதைத் தந்தாள்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலின் 143ஆம் எண், ஓர் இடத்தின் வரலாறும் பண்பாடும் கட்டிடக்கலையும் அவ்விடத்து மக்களின் பொதுச் சொத்து என்கிறது. இயற்கைக்கு உகந்தவை என்ற பெயரில் இடித்துப் புதியன கட்டுவதே தீர்வாகிவிடாது என்றும் அங்கே அவர் எச்சரிக்கிறார். சிறந்த காணிக்கை எப்போதும் புதிய காணிக்கையாகவே இருக்கவேண்டும் என்று எந்த மறைநூல் சொல்கிறது?

வேறு வழி இருந்தது, இருக்கிறது

கட்டவே கூடாது என்பது என் வாதம் அன்று. தேவையானபோது, தேவையான அளவு, அறிவோடு கட்டலாம். இதற்கு நம் தென்னாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தில் 1917ஆம் ஆண்டு பிறந்து, இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்டு, 2007ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டிடக் கலைஞரைப் பலர் அறிவர். அவரை ஏழைகளுக்கு வீடு கட்ட அழைத்தவர்களுள் திருவனந்தபுரம் சீரோ மலங்கராப் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோசும் ஒருவர். செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார் பேக்கர். ஏறத்தாழ கால்பங்குச் செங்கல் மிச்சம், வீடும் குளுமை. தளத்தில் பளு தாங்கத் தேவையற்ற அடிப்பகுதியில் மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். இயேசு சபையினருக்காக அவர் திருவனந்தபுரத்தில் கட்டிய லயோலா சிற்றாலயத்தில், செங்கல் இடைவெளிகளின் வழியே காற்றும் ஒளியும் உள்ளே வருகின்றன. ஆடம்பரமில்லாத அந்த அழகு, நம் பளிங்குப் பீடங்களுக்கு வாய்ப்பதில்லை.

அடுத்த மாவட்டமாகிய விழுப்புரத்தில், ஆரோவிலின் மண் கட்டிடக்கலை நிறுவனம் 1989ஆம் ஆண்டிலிருந்து, ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்ட் மட்டும் கலந்த மண்ணை இயந்திரத்தில் அழுத்திக் கற்களாக்கும் முறையைக் கற்பித்து வருகிறது. அக்கற்களுக்குச் சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நெய்வேலி அனல்மின் நிலையத்தின் சாம்பலில் செய்த கற்கள் கிடைக்கின்றன. சாம்பல் கலந்த சிமெண்டில் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தரவிதி இடமளிக்கிறது. அந்த அளவுக்குக் கிளிங்கர் குறையும். வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் அதுவே போதும் என்று பொறியாளர் சொன்னாலும், "சாம்பல் கலந்ததா?" என்று முகம் சுளிப்பவர் நாம்தாம். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து, கரியை ஏறத்தாழ 40 விழுக்காடு வரை குறைக்கும் புதிய சிமெண்ட் ஒன்றின் ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி. பங்கேற்றது. 2023ஆம் ஆண்டு அதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது. அறிவுக்குக் குறைவில்லை. குறைவது கேட்கும் மனம்.

பங்குப் பேரவைகளுக்கு ஐந்து கேள்விகள்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் சீடத்துவத்துக்கு உவமை சொன்னார். அவர் தச்சர், வீடு கட்டுவதன் செலவை அறிந்தவர். நாம் ரூபாயை மட்டும் கணக்கிட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம். புகையையும் கணக்கிடும் வரை உட்கார்ந்தே இருப்போம். பங்குப் பேரவையிலும், சொந்த வீட்டுத் திண்ணையிலும், இடிக்கும் தீர்மானத்துக்கு முன் இவ்வைந்தையும் கேட்க வேண்டும்.

ஒன்று: இக்கட்டிடம் பழுதுபார்க்க முடியாதது என்று தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் தந்திருக்கிறாரா? புதியதைக் கட்டும் ஒப்பந்தம் பெறப்போகிறவரின் வாய்ச்சொல் சான்றாகாது.

இரண்டு: எத்தனை டன் சிமெண்ட், எத்தனை டன் கம்பி, எத்தனை ஆயிரம் செங்கல்? அதன் கரி எவ்வளவு? நன்கொடையாளர் பட்டியலை ஞாயிறு திருப்பலியில் வாசிக்கிறோம். இந்தப் பட்டியலையும் வாசிப்போம்.

மூன்று: யாருடைய கூட்டத்துக்காகக் கட்டுகிறோம்? ஆண்டுக்கு ஒரு நாள் தேர்த்திருவிழாவுக்கு வரும் கூட்டத்தை உள்ளடக்க, மற்ற 364 நாள்களும் வெறிச்சோடும் மண்டபம் எதற்கு? அந்த ஒரு நாளுக்குப் பந்தல் போதும்.

நான்கு: இடித்தே ஆகவேண்டுமென்றால், பழைய தேக்கும் கருங்கல்லும் ஓடும் கதவும் எங்கே போகப்போகின்றன? அவற்றைப் புதிய கட்டிடத்தில் பயன்படுத்த என்ன திட்டம்? ஒரு மலைக்கிராமத்தின் பள்ளிக்கு அவை உதவுமா?

ஐந்து: பராமரிப்பு நிதி எங்கே? கட்டிட நிதிக்கு ரசீதுப் புத்தகம் அச்சிடும் பங்குகளுள், ஆண்டுதோறும் கூரையைச் செப்பனிட நிதி ஒதுக்குபவை எத்தனை?

ஐந்துக்கும் நேர்மையான விடை கிடைத்த பிறகும் இடிப்பதே சரியென்று தோன்றினால் இடியுங்கள். உங்கள் மனச்சான்று உங்களைக் குற்றம் சாட்டாது. விடை கிடைக்கவில்லையென்றால் தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள். உங்கள் முன்னோர் தலையில் சுமந்த கல் அது. அது எழுப்பிய புகைக்கு விலை எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது. அதை இன்னும் ஐம்பது ஆண்டுகள் நிற்க விடுவதற்கு வேண்டியது கொஞ்சம் சுண்ணாம்பும், ஒரு நல்ல கொத்தனாரும், பெயர்க்கல் நாட்டும் ஆசையை அடக்கிக்கொள்ளும் ஒரு பேரவையும்.